37 ரூபாய்க்கு விற்கும் பாலை 38 ரூபாய்க்கு வாங்குவது எப்படி? ஆவின் விலையின் உள்கணக்கு

ஆவின் நீல நிறப் பாக்கெட்டை மாதாந்திர அட்டையில் வாங்குபவருக்கு லிட்டர் 37 ரூபாய். கடையில் வாங்கினால் 40. கிராமத்துச் சொசைட்டியில் பால் ஊற்றும் விவசாயிக்கு 2023 டிசம்பர் 18 முதல் அரசு அறிவித்த விலை, 3 ரூபாய் ஊக்கத்தொகையையும் சேர்த்து, 38 ரூபாய். அதாவது வாங்கிய விலையைவிட ஒரு ரூபாய் குறைத்து விற்கும் வியாபாரம். நடுவில் குளிரூட்ட வேண்டும், டேங்கர் லாரியில் ஏற்ற வேண்டும், பதப்படுத்த வேண்டும், பாக்கெட் போட வேண்டும், விடியற்காலையில் வேனில் அனுப்ப வேண்டும், முகவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். தனியார் யாராவது இப்படிக் கடை நடத்தினால் ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிடுவார். ஆவின் என்ற பெயரில் நாம் அறிந்த தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் 1981-லிருந்து நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கு ஒரே வார்த்தையில் 'மானியம்' என்று பதில் சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி கொழுப்பில் இருக்கிறது. கொஞ்சம் தேர்தல் நாட்காட்டியிலும் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தியாவில் நெல்லுக்கும் கோதுமைக்கும் இருப்பதுபோலப் பாலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. தனியார் பால் நிறுவனம் விவசாயியிடம் என்ன விலைக்கு வாங்க வேண்டும், நம்மிடம் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்வதில்லை. 1992-ல் மத்திய அரசு கொண்டுவந்த பால் மற்றும் பால் பொருட்கள் ஆணையில் பதிவு, உரிமம் பற்றிய விதிகள் இருந்தன; 2002 திருத்தத்துக்குப் பிறகு அவையும் தளர்ந்தன. எனவே தமிழ்நாட்டில் 'பால் விலையை அரசு உயர்த்தியது' என்று செய்தி வந்தால், உயர்ந்தது ஆவின் விலை மட்டும்தான். ஆனால் அந்த ஒரு விலையைப் பார்த்துத்தான் மற்ற எல்லாரும் தங்கள் விலையை வைக்கிறார்கள். விவசாயிக்கு ஆவின் கொடுப்பது தரைவிலை. அதைவிடக் குறைவாகத் தனியார் கேட்டால் பால் சொசைட்டிக்குப் போய்விடும். நுகர்வோரிடம் ஆவின் வாங்குவது கூரைவிலை. அதைவிட ரொம்ப மேலே போனால் வாடிக்கையாளர் நீலப் பாக்கெட்டைத் தேடுவார். ஆவினுக்கு ஒரு சொட்டுப் பால்கூட ஊற்றாத விவசாயியின் வருமானத்தையும், ஆவின் வாங்காத வீட்டின் பட்ஜெட்டையும் ஆவின் விலை தொடுவது இப்படித்தான்.

தரைக்கும் கூரைக்கும் இடையே உயரம் வேண்டும் அல்லவா? அந்த உயரம்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2021-ல் பசும்பால் கொள்முதல் 32, நீலம் கடையில் 40. இடைவெளி 8 ரூபாய். 2022 நவம்பரில் கொள்முதல் 35 ஆனது, நீலம் அதே 40. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகையோடு 38, நீலம் அப்போதும் 40.

சொசைட்டியில் நடப்பது

அறிவிக்கப்பட்ட 38 ரூபாய் அப்படியே மாட்டுக்காரர் கைக்கு வராது. பசும்பாலுக்கு அறிவிக்கப்படும் விலை, 4.3 சதவீதம் கொழுப்பும் 8.2 சதவீதம் கொழுப்பல்லாத திடப்பொருளும் உள்ள பாலுக்கான விலை. ஊர்ப்பக்கம் இதை ஃபேட், எஸ்.என்.எஃப் என்றே சொல்வார்கள். படிக்காத பாட்டிகூட 'எஸ்.என்.எஃப் எவ்வளவு வந்துச்சு' என்றுதான் கேட்பார். இந்த இரண்டும் குறையக் குறைய விலையும் குறையும்.

விடிவதற்கு முன் கறந்த பாலைத் தூக்குவாளியிலும் கேனிலும் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். அளந்து ஊற்றியபின் ஒரு கரண்டி மாதிரி எடுப்பார்கள். பழைய முறையில் பால்மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்த்து, ஒரு கண்ணாடிக் குழாயில் கந்தக அமிலம், பால், அமைல் ஆல்கஹால் மூன்றையும் ஊற்றி, வட்ட இயந்திரத்தில் சுற்றவிடுவார்கள். கொழுப்பு தனியாகப் பிரிந்து குழாயின் கழுத்தில் நிற்கும். அங்கே கோடு பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போது பல இடங்களில் மின்னணுக் கருவி வந்துவிட்டது. பாலை உறிஞ்சி ஒரு நிமிடத்தில் எண்ணைக் காட்டிவிடும். ஆனால் நீண்ட காலமாகப் பல சொசைட்டிகளில் தனித்தனியாகப் பார்க்காமல், மொத்தப் பாலின் சராசரித் தரத்துக்கே பணம் கொடுத்து வந்தார்கள். தண்ணீர் கலந்தவருக்கும் கலக்காதவருக்கும் ஒரே விலை. நல்ல பால் ஊற்றியவர் மனம் வெறுத்துப் போக இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இப்போது கறப்பது பெரும்பாலும் ஜெர்சி, எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினப் பசுக்கள். எச்.எஃப் கலப்பினம் வாளி நிறையக் கறக்கும். கொழுப்பு குறைவாக இருக்கும். எஸ்.என்.எஃப் தீவனத்தைப் பொறுத்தது. கோடையில் பசுந்தீவனம் கிடைக்காது, புண்ணாக்கும் தவிடும் விலை ஏறும். ஒரு வேளைத் தீவனத்தைக் குறைத்தால் எஸ்.என்.எஃப் இறங்கும், கூடவே லிட்டருக்குக் கிடைக்கும் பணமும் இறங்கும். பால் உற்பத்திச் செலவில் பாதிக்கும் மேல் தீவனம்தான். அதனால் தீவன விலை ஏற்றம் விவசாயியை இரண்டு தடவை அடிக்கிறது: ஒருமுறை தீவனக் கடையில், இன்னொருமுறை சொசைட்டிச் சீட்டில். அறிவிக்கப்பட்ட விலை மாறாமலே இருந்தாலும் அவருக்கு வரும் விலை குறைந்துகொண்டே போக முடியும். விலைக் கொள்கை பற்றிப் பேசுகிறவர்கள் இதை அபூர்வமாகவே கவனிக்கிறார்கள்.

அப்புறம் பட்டுவாடா. கூட்டுறவில் பணம் உறுதி, ஆனால் என்றைக்கு வரும் என்பது உறுதியில்லை. சொசைட்டிகளிடம் பால் வாங்கும் மாவட்டக் கூட்டுறவு ஒன்றியத்திடம் காசு இல்லாவிட்டால் சொசைட்டிக்கு வராது. சொசைட்டிக்கு வராவிட்டால் மாட்டுக்காரருக்கும் வராது. வாரக்கணக்கில் பாக்கி நின்றதாகப் புகார்கள் ஆண்டுதோறும் எழுகின்றன. தனியார் ஏஜெண்ட் வீட்டு வாசலுக்கே வருகிறார், மாடு வாங்க முன்பணமும் தருகிறார். முன்பணம் வாங்கியவர் பிறகு விலை பேச முடியாது என்பது வேறு கதை.

நிறங்களின் கணக்கு

இப்போது 37-க்கும் 38-க்கும் வருவோம். நீலப் பாக்கெட்டில் இருப்பது 3 சதவீதக் கொழுப்பு, 8.5 சதவீத எஸ்.என்.எஃப். பச்சையில் கொழுப்பு 4.5, எஸ்.என்.எஃப் 8.5. ஆரஞ்சில் கொழுப்பு 6, எஸ்.என்.எஃப் 9. வாங்கும் பாலோ 4.3. ஒரு லிட்டர் பாலின் எடை சுமார் 1,030 கிராம் என்பதால், நீலமாக மாற்றும்போது லிட்டருக்கு ஏறக்குறைய 13 கிராம் கொழுப்பு மிஞ்சும். ஆவின் நெய் லிட்டர் 650-லிருந்து 700 ரூபாய் வரை விற்ற காலத்தை வைத்துப் பார்த்தால் கொழுப்பு கிராமுக்கு 70 பைசாவுக்கு மேல். அதாவது நீலப் பாக்கெட் ஒவ்வொரு லிட்டரும் பின்னால் ஒன்பது ரூபாய்ப் பெறுமானக் கொழுப்பை விட்டுவிட்டுத்தான் வருகிறது. எஸ்.என்.எஃப்பைச் சரிக்கட்டக் கொஞ்சம் பால் பவுடர் சேர்ப்பார்கள். அதற்கு ஒரு ரூபாய் வைத்துக்கொள்ளலாம். ஊக்கத்தொகை 3 ரூபாய் அரசு தருவது. அதைக் கழித்தால் ஆவினுக்கு லிட்டர் 35-தான். 35-ல் ஒன்பது போய் ஒன்று கூடினால் 27. ஆக 37-க்கு விற்றாலும் கையில் பத்து ரூபாய் இருக்கிறது. தோராயக் கணக்குதான், நெய் காய்ச்சும் செலவை இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் மர்மம் பாதி விலகிவிடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், நீலத்தில் எடுத்த கொழுப்பு எல்லாம் நெய்யாகி 700 ரூபாய்க்கு விற்பதில்லை. பெரும்பகுதி ஆரஞ்சுக்குப் போகிறது. ஆரஞ்சு லிட்டருக்குக் கூடுதலாக 17 கிராமுக்கு மேல் கொழுப்பு வேண்டும், எஸ்.என்.எஃப்பும் கூட்ட வேண்டும். 35 ரூபாய்ப் பாலில் 12 ரூபாய்க் கொழுப்பும் இரண்டு ரூபாய்ப் பவுடரும் சேர்ந்தால் 49. இன்னும் லாரிச் செலவே வரவில்லை. இந்தப் பாக்கெட்டை அட்டைக்கு 46-க்கும் கடையில் 48-க்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். டீக்கடைகள் இதைத்தான் அடுக்கடுக்காக வாங்கின, வாங்காமல் எப்படி இருப்பார்கள்? 2022 நவம்பர் 5-ல் அரசு நீலத்தையும் பச்சையையும் தொடாமல் ஆரஞ்சை மட்டும் கடை விலையில் ஒரேயடியாக 12 ரூபாய் ஏற்றி 60 ஆக்கியதன் காரணம் இதுவே. அட்டைக்காரருக்கு 46 அப்படியே நின்றது.

இதில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. கொழுப்புக்குப் பேர்போனது எருமைப் பால். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம். எருமைகள் சுமார் 5 லட்சம்தான். ஒவ்வொரு தடவையும் கொள்முதல் விலையை அறிவிக்கும்போது எருமைப் பாலுக்கும் ஒரு விலை சொல்கிறார்கள், 44 என்றும் 47 என்றும். பல மாவட்டங்களில் அந்த விலைக்கு ஊற்ற எருமையே இல்லை. குஜராத்தில் எருமைப் பாலிலிருந்து இயல்பாகக் கிடைக்கிற ஆறு சதவீதத்தை இங்கே பசும்பாலில் கூட்டிக் கூட்டித்தான் எட்ட வேண்டியிருக்கிறது.

கொழுப்பின் அருமை தெரிந்தால் 2023-ல் வந்த ஊதா நிற 'டிலைட்' பாக்கெட்டின் கதையும் புரிந்துவிடும். பச்சையில் 4.5 சதவீதம், ஊதாவில் 3.5. இரண்டுக்கும் கடை விலை ஒன்றே: அரை லிட்டர் 22 ரூபாய். பச்சையின் இடத்துக்கு ஊதாவைக் கொண்டுவர முயன்றபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆவின் தரப்பு உடல்நலத்தைச் சொன்னது, வைட்டமின் சேர்த்ததைச் சொன்னது. ஒரு சதவீதக் கொழுப்பு என்றால் லிட்டருக்குப் பத்து கிராம். மேலே போட்ட கணக்கில் ஏழு ரூபாய். விலையை ஏற்றினால் தலைப்புச் செய்தி, கொழுப்பை இறக்கினால் காப்பியில் கொஞ்சம் மாற்றம், அவ்வளவுதான். நேராக மூன்று ரூபாய் ஏற்றியிருந்தால் அதைவிட நாணயமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

தேர்தலுக்கு முன், தேர்தலுக்குப் பின்

ஆவின் விற்பனை விலை பெரிதாக நகர்ந்த நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. நவம்பரில் முதல்வர் ஜெயலலிதா லிட்டருக்கு 6.25 ரூபாய் உயர்த்தினார், 17.75-லிருந்து 24. பேருந்துக் கட்டணமும் அதே அறிவிப்பில் ஏறியது. 2014 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது, ஓ. பன்னீர்செல்வம் முதல்வராக இருந்தபோது நவம்பர் 1 முதல் 10 ரூபாய் உயர்வு, அட்டை விலை 24-லிருந்து 34. 2019 மே மாதம் மறுபடி நாடாளுமன்றத் தேர்தல் முடிவு. ஆகஸ்ட் 19 முதல் எடப்பாடி பழனிசாமி அரசின் 6 ரூபாய் உயர்வு. 2021 மே 7-ல் மு.க. ஸ்டாலின் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட முதல் ஐந்து கோப்புகளில் ஒன்று பால் விலையை 3 ரூபாய் குறைப்பது. மே 16-ல் நடைமுறைக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தபின் நவம்பரில் ஆரஞ்சு ஏறியது. 2024 தேர்தலுக்கு நான்கு மாதம் முன்பு விவசாயிக்கு ஊக்கத்தொகை வந்தது. விற்பனை விலை அசையவில்லை.

கட்சி மாறியும் பழக்கம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். தீவனம் மாதாமாதம் ஏறும், டீசல் ஏறும், பாக்கெட் பிலிம் ஏறும். பால் விலை மட்டும் மூன்று, ஐந்து ஆண்டுகள் உறைந்து கிடந்து ஒருநாள் ஆறு ரூபாய், பத்து ரூபாய் என்று துள்ளும். துள்ளும்போது கோபம் வரும், கோபம் வருவதால் அடுத்த உயர்வு இன்னும் தள்ளிப்போகும்.

துள்ளிய பணம் யாருக்குப் போனது என்பதும் ஒவ்வொரு தடவையும் வேறு. 2014-ல் நுகர்வோர் கொடுத்த பத்து ரூபாயில் பசும்பால் விவசாயிக்கு ஐந்து (23-லிருந்து 28); எருமைப் பாலுக்கு நான்கு. 2019-ல் ஆறில் நான்கு விவசாயிக்கு (28-லிருந்து 32). மீதி அதுவரை சேர்ந்த நட்டத்தை அடைக்கப் போனது. 2021 குறைப்பைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 25 லட்சம் லிட்டர் விற்பனை என்று வைத்தாலே தினமும் 75 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 270 கோடிக்கு மேல் வருமானம் குறையும். வாக்குறுதி கொடுத்தது அரசு. பெட்டியில் ஓட்டை விழுந்தது கூட்டுறவுக்கு.

அதன் விளைவு கிராமத்தில் தெரிந்தது. 2019 ஆகஸ்டிலிருந்து 2022 நவம்பர் வரை, மூன்று ஆண்டுகளுக்கும் மேல், பசும்பால் கொள்முதல் விலை 32-லேயே நின்றது. அந்த இடைவெளியில்தான் கொரோனாவும் வந்தது. 2020-ல் டீக்கடையும் ஓட்டலும் மூடியபோது தனியார் நிறுவனங்கள் விலையைக் குறைத்தன, பாலைத் திருப்பி அனுப்பின. மாட்டுக்குப் பொதுமுடக்கம் தெரியாது, இரண்டு வேளையும் கறந்தாக வேண்டும். எல்லாரும் சொசைட்டிக்கு ஓடினார்கள். மறுக்க முடியாமல் ஆவின் வாங்கி, விற்காததை வெண்ணெயும் பவுடருமாக ஆக்கி அடுக்கியது. 2022-ல் நிலைமை தலைகீழ். தேவை திரும்பிவிட்டது, தீவனம் உச்சத்தில், மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வேறு. தனியார் லிட்டருக்குப் பல ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள். பால் அந்தப் பக்கம் போனது, ஆவின் கொள்முதல் சரிந்தது. மழைக்கு மட்டும் ஒதுங்கும் திண்ணையாக சொசைட்டி ஆகிவிட்டது என்று சலித்துக்கொண்ட அதிகாரிகளும் இருந்திருப்பார்கள். ஆனால் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று ரூபாய் கூடக் கிடைத்தால் ஒரு நாளைக்கு இருபது லிட்டர் ஊற்றும் குடும்பத்துக்கு மாதம் 1,800 ரூபாய்.

2023 மார்ச்சில் உற்பத்தியாளர் சங்கத்தினர் பசும்பாலுக்கு 42, எருமைப் பாலுக்கு 51 கேட்டுப் போராடினார்கள். இரண்டு மாதம் கழித்து, மே 25 அன்று, முதல்வர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்கு எழுதிய கடிதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. குஜராத்தின் அமுல் கிருஷ்ணகிரியில் குளிரூட்டும் நிலையம் அமைத்திருக்கிறது, தர்மபுரி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களிலும் பால் வாங்கத் திட்டமிடுகிறது, இதை நிறுத்துங்கள் என்பது சாரம். தமிழ்நாட்டில் 9,673 சங்கங்கள், சுமார் நான்கரை லட்சம் உறுப்பினர்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஒரு கூட்டுறவின் பால் வட்டாரத்தில் இன்னொரு கூட்டுறவு கைவைக்கக் கூடாது என்ற பழைய மரபை அவர் சுட்டிக்காட்டினார், நியாயமான வாதம். ஆனால் கிருஷ்ணகிரியில் இரண்டு மாடு வைத்திருப்பவர் மரபைப் பார்ப்பதில்லை, சீட்டில் இருக்கும் தொகையைத்தான் பார்ப்பார். ஆவின் விலை போதுமானதாக இருந்திருந்தால் அந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்குமா?

கடைக்காரரும் அட்டைக்காரரும்

பால் விலைப் பேச்சில் யாருக்கும் நினைவு வராத ஆள் தெருமுனைக் கடைக்காரர். அவருக்குக் கமிஷன் சதவீதமாக இல்லை, லிட்டருக்கு இவ்வளவு என்று சில்லறையில்தான். விலை உறைந்தால் கமிஷனும் உறையும். ஃப்ரிட்ஜுக்கு வரும் மின்கட்டணம் உறையாது. விடியற்காலையில் டப் இறக்கும்போது கிழிந்த பாக்கெட் ஒன்றிரண்டு இருக்கும், வெயில் நாளில் மாலைக்குள் திரியும் பாக்கெட் இருக்கும். இதையெல்லாம் ஈடுகட்டத்தான் 'கூலிங் சார்ஜ்' என்ற பெயரில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய். சட்டப்படி தவறு. ஆனாலும் சென்னையில் தெருவுக்குத் தெரு நடக்கிறது. தனியார் பாக்கெட்டில் கமிஷன் அதிகம், சில நேரம் கடனும் தருவார்கள். காலை ஏழு மணிக்கு 'ஆவின் தீர்ந்துபோச்சு, இதை எடுத்துக்கோங்க' என்று கடைக்காரர் சொன்னால் அது எப்போதும் தட்டுப்பாடு அல்ல.

உண்மையான தட்டுப்பாடு எப்படி இருக்கும் என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் காட்டியது. அம்பத்தூர் பால் பண்ணையில் வெள்ளம் புகுந்து விநியோகம் நின்றபோது, பால் கிடைத்த இடங்களில் அச்சிட்ட விலையைப்போலப் பல மடங்குக்கு விற்றது. தினமும் சென்னைக்கு 14 லட்சம் லிட்டருக்குமேல் அனுப்புகிற ஒருவர் இரண்டு நாள் காணாமல் போனால் கூரைவிலை என்று ஒன்று இருப்பதே மறைந்துவிடுகிறது. ஆவின் இருப்பதன் பயனை அதன் லாப நட்டக் கணக்கில் மட்டும் தேட முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

சரி, உறைந்த விலையால் பலன் பெறும் நுகர்வோர் யார்? மிகக் குறைந்த விலை மாதாந்திர அட்டைக்கு. அட்டை வாங்க ஒரு மாதத்துப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரரால் முடியும். அன்றாடக் கூலிக்குப் போகும் வீட்டில் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குத்தான் வாங்குவார்கள், அதுவும் சிறிய பாக்கெட்டாக, அச்சிட்ட விலைக்கு, சில இடத்தில் கூலிங் சார்ஜும் சேர்த்து. ஏழைக்காக உறையவைத்த விலையில் ஏழைக்குக் கிடைப்பதுதான் மிகக் குறைவு. கிராமத்தில் பால்காரரிடம் அளந்து வாங்குபவருக்கு இந்தச் சலுகை இல்லவே இல்லை. ஆரஞ்சில் 46-க்கும் 60-க்கும் இடையே 14 ரூபாய் இடைவெளியை உண்டாக்கியபின் அட்டைப் பால் டீக்கடைப் பக்கம் நழுவுவதற்கு வேறு தூண்டுதல் எதுவும் தேவையிருக்கவில்லை.

பக்கத்து மாநிலங்களில்

கேரளத்தில் மில்மா 2022 டிசம்பரில் லிட்டருக்கு 6 ரூபாய் உயர்த்தியது. அதில் ஐந்து ரூபாய் அளவுக்கு விவசாயிக்கே என்று அறிவித்துவிட்டுத்தான் உயர்த்தியது. நீலப் பாக்கெட் அரை லிட்டர் 26 ஆனது. வாளையாறு சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் கோயம்புத்தூரில் அதே மாதிரிப் பால் 20. நுகர்வோருக்குக் கோயம்புத்தூர் நல்லது. மாட்டுக்காரருக்குப் பாலக்காடு நல்லது. குஜராத்தில் அமுல் தன் விலையைத் தானே வைத்துக்கொள்கிறது: 2024 ஜூனில் 2 ரூபாய், 2025 மே மாதம் 2 ரூபாய் என்று சிறுசிறு படியாக. அதற்கு முதல்வர் அறிவிப்பு வேண்டியதில்லை. நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் 80 பைசாவுக்கு மேல் உற்பத்தியாளருக்குப் போகிறது என்பது அவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு.

கர்நாடகத்தின் வழிதான் நமக்கு அதிகம் பொருந்தும். அங்கே 2008-ல் லிட்டருக்கு 2 ரூபாய் என்று தொடங்கிய அரசு ஊக்கத்தொகை பிறகு 5 ரூபாயாக வளர்ந்தது. விவசாயியின் கணக்கில் நேராக விழுகிறது. நந்தினி பால் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாதக்கணக்கில் அது பாக்கி நின்ற காலமும் உண்டு. ஆனால் மானியம் எவ்வளவு, யாருக்கு என்பது பட்ஜெட்டில் தெரிகிறது. தமிழ்நாட்டின் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் அந்தத் திசையில் ஒரு நல்ல அடி. 2021 விலைக் குறைப்புக்கு அப்படியொரு வரி பட்ஜெட்டில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

செய்யக்கூடியது என்ன என்று என்னைக் கேட்டால், நீலத்தை மட்டும் பாதுகாக்கப்பட்ட விலையில் வைத்து, அதில் வரும் இழப்பை அரசு மாதாமாதம் ஒன்றியங்களுக்குக் கட்டிவிட வேண்டும்; ஆரஞ்சையும் பச்சையையும் கொழுப்பு விலைப்படி விடலாம். கொள்முதல் விலையைத் தீவன விலையோடு முடிச்சுப்போட்டு ஆண்டுக்கு ஒருமுறை, தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தேதியில் திருத்தலாம். அரை லிட்டருக்கு ஒரு ரூபாய் என்பதே நடைமுறையில் மிகச் சிறிய படி. ஐம்பது பைசாவைக் கடையில் யாரும் வாங்குவதில்லை. கர்நாடகம் 2024 ஜூனில் இதைச் சுற்றிப்போகப் பார்த்தது: பாக்கெட்டில் 50 மில்லி கூட்டி இரண்டு ரூபாய் ஏற்றி, இது விலையேற்றமே இல்லை என்றது. மக்கள் நம்பவில்லை. 2025 ஏப்ரலில் அந்த 50 மில்லியை எடுத்துவிட்டு நேராக நான்கு ரூபாய் ஏற்றி, அது முழுவதும் விவசாயிக்கு என்று சொன்னார்கள்.

இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர்கள், சட்டப்படி பார்த்தால், பால் ஊற்றும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவினர். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 2018-ல் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக் காலம் 2023-ல் முடிந்தபின் பெரும்பாலான சங்கங்கள் தனி அலுவலர்களின் பொறுப்பில் போயின. விலையைப் பற்றிப் பேச விவசாயிக்குச் சொந்த நாற்காலி இல்லாத அந்தக் காலத்தில்தான் 38 அறிவிக்கப்பட்டது.